கரண்ட் வெச்சா புண்ணு ஆறாதா?

செமஸ்டர் முடிந்ததும் ஜாலியாக ஒரு பதிவு போடுகிறேன் என்று வகுப்பு நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். மன்னிக்கணும், இது ஜாலி பதிவு இல்லை. கொஞ்சம் நீளமும் கூட. டீயோ காபியோ எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் ஆரணிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. "கரண்ட் வெச்சா புண்ணு ஆறாதுப்பா." இங்கே கரண்ட் என்றால் மின்சாரம் அல்ல. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஊரில் வைத்திருக்கும் பெயர். கரண்ட் வைக்கிறார்கள், கரண்ட் முடிந்தது, இன்னும் பத்து கரண்ட் பாக்கி.. இப்படித்தான் பேசுவார்கள். உடம்புக்குள் நிஜமாகவே மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இந்தப் பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் பதிவு இங்கேயே முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை மறுப்பது சுலபம். பாதி உண்மையை "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று மறுத்தால், நாளைக்குப் புண் ஆறாத ஒருவரைப் பார்த்ததும் ஊர் நம்மைத்தான் பொய்யன் என்று சொல்லும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில புற்றுநோய்களில் கதிர்வீச்சுக்குப் பிறகு செய்யும் ஆபரேஷன் புண் ஆறத் தாமதமாகும். இதை மறைக்காமல், எண்ணோடு, தமிழில், ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும். அந்தப் புண் ஆறும் வரை ஆகும் செலவும் சிகிச்சைச் செலவுதான். அதைத் தனியாக நோயாளி தலையில் கட்டக் கூடாது.

"பி.காம் படிக்கிற உனக்கு எதுக்குடா டாக்டர் வேலை?" என்று பின்னூட்டம் வரும். தெரியும். டாக்டர் வேலை பார்க்கவில்லை, கணக்குப் பார்க்கிறேன். அதுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் :-)

எந்தக் கட்டி?

சார்கோமா என்று ஒரு வகைப் புற்றுநோய். தசை, கொழுப்பு, நார்த்திசு, ரத்தக் குழாய், நரம்பு உறை போன்ற மென்மையான திசுக்களில் வருவது. ரொம்ப அரிது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்று சொல்வார்கள். அதற்குள்ளேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். அதிகமாக வருவது கைகால்களில், குறிப்பாகத் தொடையில். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் "கொழுப்புக் கட்டிதான், விடு" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் காலில் இது வந்தால் காலை எடுப்பதுதான் வழக்கம். கட்டியை மட்டும் வெட்டினால் அதே இடத்தில் திரும்ப வரும். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ரோசன்பெர்க் குழுவினர் 43 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 1982-ல் வெளியிட்டார்கள். 16 பேருக்குக் கையோ காலோ அகற்றப்பட்டது. 27 பேருக்கு உறுப்பைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஐந்து வருடக் கணக்கில் உயிரோடிருந்தவர்கள் அகற்றியவர்களில் 88 சதவீதம், காப்பாற்றியவர்களில் 83 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். காப்பாற்றிய 27 பேரில் 4 பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. ஆனாலும் காலை எடுத்ததால் மட்டும் உயிர் கூடுதலாக நிலைக்கவில்லை.

இன்று சார்கோமா வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு காலோடு நடப்பதற்கு இந்த வழிதான் காரணம். அந்தக் "கரண்ட்" இல்லாவிட்டால் காலும் இல்லை என்று சொல்லும் நிலைமை பலருக்கு. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்து சொல்லப்போவது கதிர்வீச்சுக்கு எதிராக இருப்பது போலத் தோன்றும்.

புண் ஏன் ஆறுவதில்லை?

கதிர்வீச்சு புண் உண்டாக்கும் என்பது அது கண்டுபிடிக்கப்பட்ட கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. ரேடியத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிய பெக்கரல் 1901-ல் தோல் வெந்துபோனதைக் கண்டார். பியர் கியூரி வேண்டுமென்றே தன் கையில் ரேடியத்தைக் கட்டி வைத்துப் பார்த்தார். 52-ஆம் நாளிலும் அந்தப் புண் முழுதாக ஆறவில்லை என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். எடிசனிடம் எக்ஸ்ரே குழாய்களோடு வேலை செய்த கிளாரன்ஸ் டாலியின் கதை இன்னும் கொடூரம். ஆறாத புண், அப்புறம் புற்று, இரண்டு கைகளையும் எடுத்தும் 1904-ல் இறந்துபோனார். அவையெல்லாம் அளவே தெரியாத காலம். இன்று ஒவ்வொரு தடவையும் அளந்து, கட்டியைக் குறிவைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் அடிப்படைக் குணம் மாறவில்லை.

ஒரு புண் ஆற வேண்டுமென்றால் என்ன வேண்டும்? புதிய செல்கள் பிரிந்து பெருக வேண்டும். நார் நெய்யும் செல்கள் வந்து இடைவெளியை இட்டு நிரப்ப வேண்டும். அதற்கு ஆக்சிஜனும் சத்தும் கொண்டுவரச் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும். கதிர்வீச்சு எதைத் தாக்குகிறது? பிரிந்து பெருகும் செல்களைத்தான். புற்றுச் செல் வேகமாகப் பெருகுகிறது, அதனால் அதிகம் சாகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் கொஞ்சம் அடி வாங்கும். சின்ன ரத்தக் குழாய்களின் உள்சுவர் தடித்துக் குறுகும். நார் நெய்யும் செல்கள் சோர்ந்துபோகும். அந்தச் சதை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கத்தி வைத்த பிறகுதான் அதன் பலவீனம் தெரியும்.

எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஆனால் சாயப் பட்டறையில் சூடு மீறி இத்துப்போன பட்டாக இருந்தால்? முடிச்சு நிற்கும், முடிச்சுக்குப் பக்கத்தில் இழை அறும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் தையல் பிரிவதும் இப்படித்தான். தையல் போட்டவர் கை சரியில்லை என்று அர்த்தம் இல்லை.

முன்னாலா, பின்னாலா?

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். கதிர்வீச்சை ஆபரேஷனுக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா? இதைத் தீர்க்க கனடாவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. டொராண்டோவின் பிரையன் ஓ'சல்லிவன் தலைமையில், கைகால் சார்கோமா வந்த 190 பேர். 1994 முதல் 1997 வரை சேர்க்கப்பட்டார்கள். 2002-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது.

முன்னால் என்றால் 25 தடவை, மொத்தம் 50 கிரே. பின்னால் என்றால் 33 தடவை, மொத்தம் 66 கிரே. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு, துணியை மீட்டரில் அளப்பது மாதிரி.

ஆபரேஷன் முடிந்த 120 நாட்களுக்குள் பெரிய அளவில் புண் பிரச்சினை வந்தவர்கள்: முன்னால் வாங்கியவர்களில் 35 சதவீதம், பின்னால் வாங்கியவர்களில் 17 சதவீதம். சுமார் இரண்டு மடங்கு. பெரிய பிரச்சினை என்றால் சும்மா கொஞ்சம் நீர் வடிவது இல்லை. மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது, மறுபடி அட்மிட் ஆவது, குழியான புண்ணுக்கு மாதக்கணக்கில் துணி அடைத்துக் கட்டுப் போடுவது. இதெல்லாம் பெரும்பாலும் காலில், கையில் ரொம்பக் குறைவு.

அப்படியானால் பின்னாலேயே கொடுத்துவிடலாமே? பொறுங்கள். அதே நோயாளிகளை இரண்டு வருடம் கழித்துப் பார்த்த முடிவு 2005-ல் வந்தது. சதை இறுகி நார் பாய்ந்து போனது முன்னால் வாங்கியவர்களில் 31.5 சதவீதம், பின்னால் வாங்கியவர்களில் 48.2 சதவீதம். கால் வீக்கமும் மூட்டு விறைப்பும்கூடப் பின்னால் வாங்கியவர்களிடம்தான் கொஞ்சம் அதிகம். இந்த வேறுபாடுகள் புள்ளியியல் கணக்குப்படி அடித்துச் சொல்லும் அளவுக்கு வலுவானவை அல்ல. ஆனால் காரணம் புரிகிறது. பின்னால் கொடுக்கும்போது அளவும் அதிகம், கதிர்வீச்சு படும் பரப்பும் பெரிசு.

காமர்ஸ் நண்பர்களே, இது என்ன? முன்னால் வாங்கினால் நடப்புப் பொறுப்பு. நாலு மாதத்தில் தீர்த்தாக வேண்டிய கடன், தீர்த்துவிட்டால் தீர்ந்தது. பின்னால் வாங்கினால் நீண்டகாலப் பொறுப்பு. இன்றைக்கு நெருக்கடி குறைவு, ஆனால் விறைத்த கால் ஆயுசுக்கும் கூட வரும். ஆறாத புண் பெரும்பாலும் ஒருநாள் ஆறிவிடும். இறுகிப்போன சதை இளகுவது ரொம்பக் கஷ்டம்.

இதில் எது நல்லது என்பதற்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. குழித்தறியில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க இரண்டு காலாலும் மிதிக்கும் ஒருவருக்கு இடுப்பும் முழங்காலும் மடங்கியே தீர வேண்டும். அவருக்கு நாலு மாதப் புண்ணே மேல். கையில் காசே இல்லை, சர்க்கரையும் அதிகம், கட்டுப் போட ஆளும் இல்லை என்றால் கணக்கு மாறலாம். முடிவு டாக்டருடையது மட்டும் இல்லை, நோயாளியுடையதும்தான். ஆனால் கணக்கைக் காட்டினால்தானே முடிவெடுக்க முடியும்?

கணக்குக் காட்டாவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் தெருவில் ஒருவர், முறைக்கு எனக்கு மாமா. நெசவாளி. தொடையில் கட்டி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 25 கரண்ட் வைத்தார்கள். ஒரு மாதம் போல இடைவெளி விட்டு ஆபரேஷன். கட்டி முழுசாக வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் தையல் பிரிந்தது. அப்புறம் நாலரை மாதம் அவர் வாழ்க்கை கட்டு மாற்றுவதிலேயே போயிற்று.

கையெழுத்து வாங்கும்போது "புண் ஆறக் கொஞ்சம் லேட் ஆகலாம்" என்று ஒரு வரி சொன்னார்களாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதனால் தையல் பிரிந்ததும் வீட்டில் எல்லாரும் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். கட்டி திரும்ப வந்துவிட்டது, அல்லது ஆபரேஷன் தப்பாகிவிட்டது. அத்தையிடம் "புளிப்பு எதாவது குடுத்தியாம்மா?" என்று விசாரணை வேறு.

அடுத்து பத்தியம். முட்டை கூடாது, மீன் கூடாது, கத்திரிக்காய் கூடாது, தயிர் கூடாது, பருப்பு புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும்.. எல்லாம் கழித்தால் மிச்சம் கஞ்சியும் ரசமும்தான். புண் ஆறப் புரதம் வேண்டும். சதையை நெய்ய நூல் வேண்டாமா? நூலை நிறுத்திவிட்டுத் தறியைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்கா "தினம் ரெண்டு முட்டை சாப்பிடுங்க, சுண்டல் சாப்பிடுங்க" என்று சத்தம் போட்ட பிறகுதான் வீட்டில் அடுப்பு மாறியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புண்ணில் வாடை இருந்தது. வந்து பார்ப்பவர்கள் குறைந்தார்கள். மருந்தைவிட அவருக்கு அதுதான் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்குப் புண் ஆறிவிட்டது. இப்போது தறியில் உட்காருகிறார், இரண்டு காலாலும் மிதிக்கிறார். ஆனால் ஊர் பார்த்தது ஆறின காலை இல்லை, ஆறாத புண்ணை. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். "அவரு தொடையப் பாத்தேன், எனக்கு வேணாம்" என்று அவர் போகவே இல்லை. அவருக்குப் புண் ஏற்கெனவே ஆறியிருந்தது. அவருடைய நோய் வேறு, இடம் வேறு, முறை வேறு. மகள் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ஒருவருக்குச் சொல்லாமல் விட்ட ஒரு எண், இன்னொருவரின் சிகிச்சையை நிறுத்தியிருக்கிறது. இதற்காகத்தான் இந்தப் பதிவே.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம்

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். அங்கே சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் புண்களைக் கவனித்தார். தொழுநோயாளியின் சதை ஆறாத சதை, கெட்ட சதை என்று அப்போது டாக்டர்கள்கூட நம்பினார்கள். அவர் கண்டது வேறு. சதையில் குறை இல்லை, வலி தெரியாததால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. அடிபடாமல் மாவுக்கட்டுப் போட்டுப் பாதுகாத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறும் என்று காட்டினார்.

கதிர்வீச்சுப் புண் அதற்கு நேர் எதிர் என்று சொல்லலாம். இங்கே சதையே கொஞ்சம் மாறித்தான் போயிருக்கிறது. ஆனால் பாடம் ஒன்றுதான். "ஆறாது" என்ற ஒற்றை வார்த்தையோடு நிற்காமல் "ஏன் ஆறவில்லை?" என்று கேட்டால் அடுத்த வழி தெரியும்.

வழிகள் இருக்கின்றன. கதிர்வீச்சு முடிந்ததும் உடனே வெட்டாமல் நாலு முதல் ஆறு வாரம் போல இடைவெளி விடுகிறார்கள். திசுவின் வீக்கமும் சிவப்பும் அடங்கட்டும் என்று. பெரிய பள்ளம் விழும் என்று தெரிந்தால், இழுத்துப் பிடித்துத் தைக்காமல், பிளாஸ்டிக் சர்ஜன் வந்து கதிர்வீச்சு படாத இடத்திலிருந்து சதையை அதன் ரத்தக் குழாயோடு சேர்த்துக் கொண்டுவந்து மூடுவார். வெறும் தோலை மட்டும் எடுத்து ஒட்டினால் அது அடியில் இருக்கும் சதையின் ரத்தத்தை நம்பி வாழ வேண்டும், அங்கேதான் ரத்தம் குறைவாச்சே. குழாயோடு வரும் சதை தன் தண்ணீரைத் தானே கொண்டுவரும், வாய்க்காலோடு வந்த வயல் மாதிரி.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. நெற்றிச் சதையைத் திருப்பி மூக்கு செய்த ஒரு மாட்டுவண்டிக்காரரின் கதை புனே பக்கத்திலிருந்து லண்டன் போய், 1794 அக்டோபரில் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பா அந்த முறையைப் பிடித்துக்கொண்டது.

நோயாளி கையில் இருப்பவையும் உண்டு. பீடி சிகரெட்டை நிறுத்துவது, ஏனென்றால் புகை ஏற்கெனவே குறுகின ரத்தக் குழாயை இன்னும் குறுக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. புரதம் சாப்பிடுவது. மஞ்சள், வேப்பிலை, பச்சிலை அரைத்துத் திறந்த புண்ணில் அப்பாமல் இருப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால், எலுமிச்சம்பழம் அளவுக்கு மேல் வளர்ந்த, அல்லது வளர்ந்துகொண்டே வரும், அல்லது ஆழத்தில் இருக்கும் கட்டியை ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் இல்லாமல் "சின்ன ஆபரேஷன்தான்" என்று வெட்டிக்கொள்ளாமல் இருப்பது. தெரியாமல் வெட்டினால் அதே இடத்தில் மறுபடி பெரிதாக வெட்ட வேண்டி வரும். புண்ணும் பெரிசாகும்.

பஸ் கணக்கு

இப்போது யாரும் போடாத கணக்கு ஒன்று. கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள். ஒரு தடவைக்கு மெஷினுக்கு அடியில் சில நிமிஷம்தான். 25 தடவை என்றால் ஐந்து வாரம். வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் போய்வந்தால் 25 தடவைக்கு 2000 கிலோமீட்டர். கூட ஒருவர் போக வேண்டும். ஆக 50 ஆள்நாள் கூலி போச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு 33 தடவை என்றால் 66 ஆள்நாள். இது புண் ஆரம்பிப்பதற்கு முந்தைய கணக்கு. தையல் பிரிந்தால் அதற்கு மேல் இன்னும் நாலு மாதம் தறி நிற்கும். ஏற்றின பாவு அப்படியே கிடக்கும், வாங்கின முன்பணம் அப்படியே நிற்கும்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 120 பேருக்கு 25 தடவைக்குப் பதில் 15 தடவையில், மொத்தம் 42.75 கிரே கொடுத்துப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். பெரிய புண் பிரச்சினை வந்தது 31 சதவீதம் பேருக்கு. பழைய 35-ஐவிட மோசமாகவில்லை. ஒப்பிட எதிர்க்குழு இல்லாத சோதனை, அதனால் இதுவே கடைசி வார்த்தை இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் கணக்கில் பாருங்கள். 2000 கிலோமீட்டர் 1200 ஆகிறது, 50 ஆள்நாள் 30 ஆகிறது. புண் கூடாமல் பஸ் செலவு குறைந்தால் அதுவும் மருத்துவ முன்னேற்றம்தான்.

சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-ல் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969-ல் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. வேலூர் இருக்கிறது. 2009-ல் தொடங்கி 2012-ல் விரிவாக்கப்பட்ட மாநிலக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குறை சொல்ல வரவில்லை, இவை இல்லாத மாநிலங்களை நினைத்தால் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் காப்பீடு என்பது மருத்துவமனைக் கட்டணத்துக்கு. நின்றுபோன தறிக்கு இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலிலேயே வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கா? நூறு பேருக்குக் கடன் கொடுத்தால் சிலர் திருப்பித் தரமாட்டார்கள். யார் என்று தெரியாது, ஆனால் எத்தனை பேர் என்று அனுபவத்தில் தெரியும். அதனால் முன்கூட்டியே லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்குகிறோம். அது தோல்வியை ஒத்துக்கொள்வது இல்லை, ஒழுங்கான கணக்கு. மூன்றில் ஒருவருக்குப் புண் பிரியும் என்று தெரிந்த ஒரு சிகிச்சையில், அந்தப் புண்ணுக்கு ஒதுக்கு வைக்காமல் இருப்பது எந்த ஊர்க் கணக்கு?

என் மூன்று கோரிக்கைகள்:

ஒன்று, ஒரு பக்கத் தாள். தமிழில். "காலில் முன்கூட்டியே கதிர்வீச்சு வாங்கினால் சுமார் மூன்றில் ஒருவருக்குப் புண் ஆற மாதங்கள் ஆகலாம். அது நோய் திரும்பியதாக அர்த்தம் இல்லை. பெரும்பாலும் ஆறிவிடும். என்ன சாப்பிட வேண்டும், எப்போது உடனே வர வேண்டும்" இவ்வளவு போதும். காய்ச்சல், திடீர் ரத்தப்போக்கு, சீழ் வந்தால் அன்றே வர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கும்போது இல்லை, அதற்கு ஒரு வாரம் முன்பு கொடுக்க வேண்டும்.

இரண்டு, கட்டு மாற்ற 40 கிலோமீட்டர் போகக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்தது, இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வந்தார்கள். அதே வழியில் ஆபரேஷன் புண்ணுக்குக் கட்டுப் போடவும் பயிற்சி கொடுத்த செவிலியர் வரலாம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு போட்டோ அனுப்பிக் கேட்க முடிகிற காலம் இது.

மூன்று, புண் காலத்துக்கு ஒரு கூலி. பிரசவத்துக்கு உதவித்தொகை கொடுக்கத் தெரிந்த நமக்கு, சிகிச்சையாலேயே வேலைக்குப் போக முடியாத நாலு மாதத்துக்கு ஒரு தொகை யோசிக்கத் தெரியாதா? கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக ஆரம்பித்தால்கூடப் போதும். சார்கோமா அரிது என்பதே இதற்குச் சாதகம். வருடத்துக்கு ஒரு ஊரில் எத்தனை பேர் வரப்போகிறார்கள்?

எதிர்க்கருத்தும் தெரியும். "35 சதவீதம்னு சொன்னா பயந்து ஓடிடுவாங்க சார்" என்று எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவ மாணவரே சொன்னார். நியாயமான பயம். ஆனால் சொல்லாததால் ஓடுகிறவர்களையும் எண்ண வேண்டும் இல்லையா? அந்த அம்மா எண்ணைக் கேட்டு ஓடவில்லை, புண்ணைப் பார்த்து ஓடினார். 35-ஐச் சொல்லும்போது மிச்சம் 65-ஐயும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறோம். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் கடன் வாங்குவதில்லை. சொன்னால் புரிந்துகொள்ளும் ஜனங்கள்தான்.

அதனால் அடுத்த தடவை யாராவது "கரண்ட் வெச்சா புண்ணு ஆறாது" என்றால் "பொய்" என்று சொல்லாதீர்கள். "சில பேருக்கு லேட்டா ஆறும், முட்டை சாப்பிடச் சொல்லுங்க, கட்டு ஒழுங்கா மாத்தச் சொல்லுங்க, கால் இருக்குல்ல" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது இருந்தால் அனுபவத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். முக்கியமாக, புண் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை மாற்ற வேண்டாம். இதில் இருக்கும் கேள்விகளை எழுதிக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அதற்குத்தான் இது. அடுத்த பதிவு நிச்சயம் ஜாலி.. நம்புங்க :-)